எக்ஸ்பான்ஷன் வால்வ் ஸ்க்ரூவ தொடுறதுக்கு முன்னாடி சூப்பர்ஹீட்ட அளந்து பாருங்க

ஏசி, ஃப்ரீசர் மாதிரி மெஷின்ல கூலிங் பத்தலைன்னதும் நேரா எக்ஸ்பான்ஷன் வால்வோட (குளிர்விக்குற காயிலுக்கு லிக்விட் கேஸ அளந்து விடுற வால்வு) மூடிய கழட்டி ஸ்க்ரூவ திருப்புற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு அத விட்டுடுங்க.

வால்வுக்குள்ள நடக்குறது மூணு பேரோட இழுபறி. சக்ஷன் லைன்ல, அதாவது காயில்லருந்து கம்ப்ரஸருக்குப் போற பைப்ல, கட்டியிருக்குற பல்பு (கேஸ் அடைச்ச சின்ன உலோகக் குழல்) சூடானா அதுக்குள்ள பிரஷர் ஏறி வால்வோட டயாஃப்ரம்ங்கற மெல்லிய தகட மேலருந்து அமுக்கும், வால்வு திறக்கும். கீழருந்து எவாப்பரேட்டர் (அந்தக் குளிர்விக்குற காயில்) பிரஷரும் ஸ்ப்ரிங்கும் சேந்து மூடப் பாக்கும். லோடு (குளிர்விக்க வேண்டிய சூடு) ஏறினா காயில்ல லிக்விட் பாதியிலயே கொதிச்சு தீந்துடும், மிச்ச தூரம் வெறும் ஆவி போய் சூடேறும், அந்தச் சூட்ட பல்பு உணர்ந்து வால்வ இன்னும் கொஞ்சம் திறந்துவிடும். ஆக வால்வு பாத்துக்கறது ரூம் டெம்பரேச்சர இல்ல, காயில் கடைசியில இருக்குற சூப்பர்ஹீட்ட மட்டும்தான், அதாவது கொதிநிலைய விட ஆவி எத்தன டிகிரி கூடுதலா சூடாகியிருக்குங்கறத.

அளக்குறது சுலபம். பல்பு பக்கத்துல பைப்ப நல்லா தேச்சு சுத்தம் பண்ணி தெர்மாமீட்டர் கிளாம்ப் மாட்டுங்க, சக்ஷன் பிரஷர கேஜ்ல பாத்து அதுக்குண்டான கொதிநிலைய சார்ட்ல எடுங்க, பைப் டெம்பரேச்சர்லருந்து அத கழிங்க. ஆர்-134ஏ கேஸ்ல கேஜ் 35 பிஎஸ்ஐ காட்டினா கொதிநிலை சுமார் 4 டிகிரி, பைப் 11 டிகிரின்னா சூப்பர்ஹீட் 7. பொதுவா 5லருந்து 8 டிகிரிக்குள்ள இருந்தா சரி, ஆனா மெஷின் கம்பெனி சொன்ன அளவு இருந்தா அதத்தான் எடுத்துக்கணும். ஆர்-407சி மாதிரி கலவை கேஸுக்கு சார்ட்ல ட்யூ பாயிண்ட் (லிக்விட் முழுசா ஆவியாகி முடியுற டெம்பரேச்சர்) வரிசையத்தான் பாக்கணும், இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

சூப்பர்ஹீட் ரொம்ப கம்மின்னா லிக்விட் கம்ப்ரஸருக்கே போய் வால்வ் பிளேட்ட உடைச்சிடும். ஜாஸ்தின்னா லிக்விட் பத்தாம காயில் பட்டினி கிடக்கும், கம்ப்ரஸரும் சூடேறும்.

தப்பா காட்டினா முதல்ல பல்ப பாருங்க. எனக்கு ஒரு தடவை சூப்பர்ஹீட் 1 டிகிரிக்கு இறங்கி பைப் முழுக்க வேர்த்துக்கிட்டே இருந்துச்சு, வால்வு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன், கடைசில பாத்தா பல்போட கிளாம்ப் லூஸாகி வெளிக்காத்து சூட்டத்தான் அது பைப் சூடுன்னு எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. இறுக்கி இன்சுலேஷன் சுத்தினதும் சரியாயிடுச்சு. பல்ப படுக்கை வசமா போற பைப்லதான் கட்டணும், அடிப்பக்கம் கூடவே கூடாது, அங்க ஆயில் ஓடும். பல்புக்குள்ள இருக்குற கேஸே லீக் ஆகியிருந்தா நேர் எதிரா வால்வு மூடிக்கும். இதோட காயில் அழுக்கு, ஃபேன், ஃபில்டர், கேஸ் அளவு, சைட் கிளாஸ்ல (லிக்விட் போற பைப்ல இருக்குற கண்ணாடி ஜன்னல்) குமிழி எல்லாத்தயும் பாத்துடுங்க.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் ஸ்க்ரூ. பெரும்பாலான வால்வுல வலப்பக்கம் திருப்பினா ஸ்ப்ரிங் இறுகி சூப்பர்ஹீட் ஏறும், இடப்பக்கம்னா இறங்கும். ஒரு தடவைக்கு கால் சுத்துதான், அப்புறம் 15, 20 நிமிஷம் கைய வைக்காம இருந்து திரும்ப அளங்க, அவசரப்பட்டா வால்வு திறந்து மூடி அலைபாயும். எத்தன சுத்துன்னு எழுதி வைங்க. முடிஞ்சதும் மூடிய மறக்காம டைட் பண்ணுங்க, அந்த ஸ்க்ரூவோட ஸ்டெம் (தண்டு) வழியாவும் கேஸ் கசியும்.