பழைய நோக்கியாவின் பூட்டைத் திறக்கும் முன்

தண்டையார்பேட்டை வீட்டில் அம்மாவின் பீரோவைக் குடைந்தபோது, மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த நோக்கியா 3310 கிடைத்தது. சார்ஜ் ஏறியது, நம்ம ஊர் சிம்மை மட்டும் ஏற்கவில்லை.

முதலில் எந்தப் பூட்டு என்று பாருங்கள். செக்யூரிட்டி கோடு கேட்டால் 12345 போட்டுப் பாருங்கள், கம்பெனி வைத்தது அதுதான். சிம்மையே மறுத்தால் அது நெட்வொர்க் பூட்டு, அதாவது போனை விற்ற கம்பெனியின் சிம் மட்டும்தான் ஓடும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) போன் விற்ற நாடு, நெட்வொர்க்கையும் கொடுத்தால், கணினியில் ஓடும் சின்ன கால்குலேட்டர் மென்பொருளே பூட்டைத் திறக்கும் கோடைக் கணக்கிட்டுத் தரும். 2000களின் ஆரம்ப மாடல்களுக்குத்தான் இது சரிப்படும்.

கோடில் பி (p), டபிள்யூ (w), கூட்டல் குறி எல்லாம் வரும். நட்சத்திர பட்டனை 2 முறை தட்டினால் கூட்டல், 3 முறைக்கு பி, 4 முறைக்கு டபிள்யூ. மெதுவாகத் தட்டினால் வெறும் நட்சத்திரமாக விழும், எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. 5 முறை தப்பாகப் போட்டால் அப்புறம் கோடு வேலைக்கு ஆகாது, எனவே நிதானம்.

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் மென்பொருளைத் தொடவே வேண்டாம். பேங்க் வேலை பார்க்கும் லேப்டாப்பில் இதையெல்லாம் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, இந்த போன் 2ஜியில் மட்டும்தான் ஓடும், ஜியோவுக்கு 2ஜி கிடையாது. ஏர்டெல் சிம் போட்டுப் பாருங்கள்.

பழைய போனைக் கடையில் வாங்குவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன் கே.ஒய்.எம் (KYM) என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.