டிஷ்ஷா, கேபிளா? லண்டனில் டிவி இணைப்பு எடுக்கும் முன்

வீடு கிடைத்து, வங்கிக் கணக்குத் திறந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து முடித்தவுடன் லண்டனுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்வி இது: "டிவிக்கு ஸ்கை எடுக்கிறதா, விர்ஜின் எடுக்கிறதா?" ஸ்கை என்றால் டிஷ், விர்ஜின் என்றால் கேபிள்; எதில் படம் தெளிவாக இருக்கும் என்பதுதான் அவர்கள் மனதில் இருப்பது. நான் திருப்பிக் கேட்பது வேறு. எந்தத் தெரு? தனி வீடா, ஃபிளாட்டா? வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு? இந்த ஊரில் பாதி முடிவை நீங்கள் எடுப்பதில்லை, குடியிருக்கும் வீடு எடுத்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் விலையும் சேனலும்.

அதற்கும் முன்னால் ஒன்று, டிவி லைசென்ஸ். ஸ்கைக்கோ விர்ஜினுக்கோ மாதாமாதம் கட்டும் பணத்தில் இது சேராது, தனியாக எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்ட் ஆனது. தொகை மாறினால் பொதுவாக ஏப்ரலில்தான் மாறும், கட்டும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாதத் தவணையாகவும் கட்டலாம். நேரலையாக எந்த சேனலைப் பார்த்தாலும், எந்தத் திரையில் பார்த்தாலும் இது வேண்டும். சென்னையிலிருந்து வரும் சேனலைப் போனில் ஒரு ஆப் வழியாக நேரலையாகப் பார்த்தாலும் வேண்டும் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. பிபிசி ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்க்கவும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படம், யூடியூபில் பழைய வீடியோ, அவ்வளவுதான் என்றால் தேவையில்லை. லைசென்ஸ் இல்லாமல் பார்த்து வழக்கு வந்தால் அபராதம் 1000 பவுண்ட் வரை போகலாம்.

ஒரே வீட்டில் நாலைந்து பேர் அறை எடுத்துத் தங்குபவர்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எல்லார் பெயரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால் பொதுவாக ஒரு லைசென்ஸ் போதும். அறைக்கு ஒரு ஒப்பந்தம் என்றால், டிவி பார்க்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்க வேண்டியிருக்கும். "உங்கள் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இங்கே அழுத்துங்கள்" என்று வரும் மின்னஞ்சல்களில் பல மோசடி. அதில் இருக்கும் லிங்கைத் தொடாமல் நேராக டிவி லைசென்ஸிங் தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

சரி, இப்போது வாசலுக்கு வெளியே வாருங்கள். நடைபாதையில் பதித்திருக்கும் சின்ன மூடிகளைக் குனிந்து பாருங்கள். சிஏடிவி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் அச்சிட்ட மூடி இருந்தால் உங்கள் தெருவில் கேபிள் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். லண்டனில் கேபிள் என்றால் ஏறக்குறைய விர்ஜின் மீடியாதான். என்டிஎல், டெலிவெஸ்ட் என்று இரண்டாக இருந்தவை 2006-ல் இணைந்து, மறு ஆண்டு அந்தப் பெயருக்கு மாறின. தெருவில் மூடி இருப்பதால் மட்டும் உங்கள் கதவுக்கு இணைப்பு கிடைத்துவிடாது. அவர்கள் தளத்தில் போஸ்ட்கோடோடு வீட்டு எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஒரே தெருவில் ஒரு பக்கம் கிடைத்து எதிர்ப்பக்கம் கிடைக்காமல் போவதும் உண்டு. வீட்டு வெளிச்சுவரின் அடியில் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றிலிருந்து வயர் உள்ளே போகிறது என்றால், முன்பு குடியிருந்தவர் கேபிள் வைத்திருந்திருக்கிறார். புதிதாகத் துளை போட வேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது, வீட்டுக்காரரிடம் பேசுவதும் சுலபம்.

அடுத்து தலையைத் தூக்கிப் பாருங்கள். சுவரிலோ புகைபோக்கியிலோ கறுப்பு வலை டிஷ் ஏற்கனவே தொங்குகிறதா? லண்டன் வாடகை வீடுகளில் பாதி நேரம் தொங்கும், இருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போவதில்லை. அந்த டிஷ் நல்ல நிலையில் இருந்தால் ஸ்கைக்குக் காசு கட்டாமலே பயன்படும். 2008-ல் பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து தொடங்கிய ஃபிரீசாட் என்ற இலவசச் சேவை, ஸ்கை வரும் அதே செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. பெட்டிக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. பிபிசி, ஐடிவி, சேனல் 4 எல்லாம் ஹெச்டியில் கிடைக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கைமுட்டி அளவுப் பாகத்துக்கு எல்என்பி என்று பெயர். முன்பு இருந்தவர் ஸ்கை கியூ என்ற ஸ்கை பெட்டியை வைத்திருந்தால் அதில் வைட்பேண்ட் வகை எல்என்பியை மாட்டியிருப்பார்கள், பழைய ஃபிரீசாட் பெட்டி அதோடு பேசாது. பெட்டியைக் குறை சொல்லிக் கடைக்குத் திருப்பிக் கொண்டு போவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். இரண்டு வகைக்கும் பொருந்தும் ஹைபிரிட் எல்என்பி கிடைக்கிறது, பக்கத்தில் இருக்கும் ஏரியல் வேலைக்காரர் ஏணி போட்டு ஏறிச் சீக்கிரமே மாற்றித் தந்துவிடுவார். நீங்களே ஏறாதீர்கள்.

டிஷ் இல்லை, புதிதாக வைக்க வேண்டும் என்றால் திசையைப் பார்க்க வேண்டும். இங்கே ஸ்கைக்கும் ஃபிரீசாட்டுக்கும் வைக்கும் டிஷ் எல்லாம் பார்ப்பது கிழக்குத் தீர்க்கரேகை 28.2 டிகிரியில் நிற்கும் ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்களை. லண்டனிலிருந்து அது தென்கிழக்கு, அடிவானத்திலிருந்து 25 டிகிரி போலத்தான் உயரம். குளிர்காலத்தில் காலை பத்து மணி வாக்கில் சூரியன் இருக்கும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் உயரமான கட்டடமோ மரமோ மறைத்தால் டிஷ் வேலைக்கு ஆகாது. ஹாரோவில் நண்பர் வீட்டில் ஜனவரியில் டிஷ் மாட்டினார்கள், படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மே மாதம் எதிர்வீட்டு மரம் இலை விட்டது. அதன் பிறகு காற்றடிக்கும்போதெல்லாம் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. குளிர்காலத்தில் டிஷ் வைப்பவர்கள் மொட்டை மரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மழையைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். நம் ஊரில் ஐப்பசி மழைக்கு டிஷ் படுத்துவிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பயம் இயல்பு. லண்டன் மழை பெரும்பாலும் தூறல், அதற்கு ஒன்றும் ஆகாது. கோடையில் இடியோடு கொட்டும்போது கொஞ்ச நேரம் படம் போகும், தானே திரும்பி வரும். கேபிளுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தெருப்பெட்டியில் கோளாறு வந்தால் டிவி, இன்டர்நெட், வீட்டுப் போன் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் வரவேற்பறைச் சுவரில் டிவி பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். திருகு மாதிரி மரை வைத்த துளைகள் இருந்து, பக்கத்தில் எஸ்ஏடி என்ற எழுத்துகள் தெரிந்தால் மொட்டைமாடியில் எல்லாருக்கும் பொதுவான டிஷ் இருக்கலாம். அப்படியானால் தனி டிஷ் தேவையே இல்லை, கட்டட நிர்வாகத்திடம் அது எந்த வகை என்று மட்டும் கேளுங்கள். பொது டிஷ் இல்லாத ஃபிளாட்டில் பால்கனியில் ஒன்றைத் தொங்கவிடலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்காரர் அனுமதி வேண்டும், கட்டட உரிமையாளர் அனுமதியும் வேண்டியிருக்கும். பழமை காக்கும் பகுதி என்று கவுன்சில் அறிவித்த தெருவாக இருந்தால், தனி வீட்டிலும் தெருவைப் பார்த்த சுவரில் டிஷ் வைப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. வாயால் "பரவாயில்லை" என்று சொன்ன வீட்டுக்காரர், காலி செய்யும்போது சுவரில் துளை இருக்கிறது என்று டெபாசிட்டில் கை வைப்பார். அனுமதியை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

ஊரிலிருந்து சன் டைரக்ட், டாட்டா பிளே பெட்டியைத் துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவற்றுக்கான செயற்கைக்கோள்கள் லண்டனிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்குக் கீழே இருக்கின்றன. எவ்வளவு பெரிய டிஷ் வைத்தாலும் வராது. டிவியைக் கொண்டு வந்திருந்தால் மின்சாரத்தில் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும் வேறு. ஆனால் இங்கத்திய ஏரியல் ஹெச்டி சேனல்களைப் பிடிக்கும் டியூனர் அதில் இல்லாமல் இருக்கலாம். ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால் எந்தப் பெட்டியையும் மாட்டிக்கொள்ளலாம்.

படத்தின் தரத்துக்கு வருகிறேன். ஸ்கையிலும் விர்ஜினிலும் ஒரே ஹெச்டி சேனலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எது எது என்று உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் சாதா படத்துக்கும் ஹெச்டிக்கும் இடையில்தான். அதனால் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த விலையில் ஸ்போர்ட்ஸ் சேனல்கள் ஹெச்டியில் வருமா, அதற்குத் தனிக் கட்டணமா?" கிரிக்கெட்டுக்காக எடுப்பவர்கள் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. ஸ்கை ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் சேனல் விர்ஜினிலும் கிடைக்கும், அதற்காக மட்டும் டிஷ் வைக்க வேண்டியதில்லை. இணையத்தில் மலிவாக வரும் பழைய பெட்டிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2024 ஜனவரியில் பிபிசி செயற்கைக்கோளில் சாதா ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. ஹெச்டி வராத பெட்டியில் பிபிசி சேனல்கள் தெரியாது.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. 2021-ல் வந்த ஸ்கை கிளாஸ் டிவி, மறு ஆண்டு வந்த ஸ்கை ஸ்ட்ரீம் பெட்டி இரண்டுக்கும் டிஷ் வேண்டாம், பிராட்பேண்ட் போதும். சுவரில் ஆணி அடிக்கக்கூட விடாத வீட்டுக்காரர் வாய்த்தவர்களுக்கு இது நல்ல வழி. குறை என்னவென்றால் நேரலை சற்றுத் தாமதமாக வரும். விக்கெட் விழுந்தது வாட்ஸ்ஆப் குழுவில் முதலில் வரும், அப்புறம்தான் உங்கள் திரையில் பந்து போடுவார்கள். குடும்பக் குழுவை மியூட் செய்யத் தெரிந்தவர்களுக்குக் கவலையில்லை.

தமிழ் சேனல்களை வைத்து டிஷ்ஷா கேபிளா என்று முடிவு செய்யாதீர்கள். அம்மா அப்பாவுக்கு வேண்டிய சீரியலும் செய்தியும் இப்போது பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகத்தான், அந்தந்தச் சேனலின் ஆப்பிலோ சந்தா கட்டும் தளங்களிலோ கிடைக்கின்றன. எந்த இணைப்பு எடுத்தாலும் அது வேலை செய்யும். மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் "எல்லா சேனலும் வரும், மாதம் பத்து பவுண்ட்" என்று விற்கும் பெட்டி சட்டத்துக்குப் புறம்பானது. ஒருநாள் காலையில் நின்றுவிடும், போய்க் கேட்டால் கடைக்காரர் புதிய பெட்டியைக் காட்டுவார்.

என்னைக் கேட்டால், ஆறு மாதமோ ஒரு வருடமோதான் இந்த வீடு என்பவர்கள் எதிலும் நீண்ட ஒப்பந்தம் போட வேண்டாம். கூரையில் ஏரியல் இருந்தால் அதில் இலவசமாக வரும் ஃபிரீவியூ, டிஷ் இருந்தால் ஃபிரீசாட், கிரிக்கெட் தொடர் வரும்போது மட்டும் இணையத்தில் வரும் நவ் என்ற சேவை போல மாதச் சந்தா. மருத்துவமனை வேலைக்கு வந்து ஊர் ஊராக மாறப்போகும் நர்ஸ்களுக்கும் இதுவே. நிலையான வீடு, தெருவில் கேபிள், வேகமான இன்டர்நெட்டும் வேண்டும் என்றால் விர்ஜினில் இரண்டையும் சேர்த்து எடுப்பது வசதி. ஆனால் டிஷ் வைப்பவருக்கும் பிராட்பேண்ட் எப்படியும் வேண்டும், அதனால் டிவி விலையை மட்டும் ஒப்பிடாமல் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 18 அல்லது 24 மாதம். நடுவில் கேபிள் இல்லாத தெருவுக்கு மாறினால் முறித்துக்கொள்ளும் கட்டணம் கேட்பார்கள், அதைச் சேரும்போதே கேட்டு வையுங்கள். 2025 ஜனவரி 17-க்குப் பிறகு போடும் ஒப்பந்தங்களில், நடுவில் விலை கூட்டுவதாக இருந்தால் எத்தனை பவுண்ட், எப்போது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதி. போனிலோ, வாசலுக்கு வந்த விற்பனையாளரிடமோ, இணையத்திலோ எடுத்திருந்தால் மனம் மாற 14 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் இணைப்பைக் கொடுக்கச் சொல்லியிருந்தால் பயன்படுத்திய நாட்களுக்குக் கட்டணம் கேட்கலாம். வந்த புதிதில் இங்கே கடனும் பில்லும் ஒழுங்காகக் கட்டிய பதிவான கிரெடிட் வரலாறு இருக்காது, அதனால் முன்பணம் கேட்டாலோ மறுத்தாலோ பதறாதீர்கள். வங்கிக் கணக்கும் போன் பில்லும் சில மாதம் ஓடிய பிறகு மறுபடி கேளுங்கள்.

வேறு கம்பெனிக்கு மாறும்போது பிராட்பேண்டைப் புதிய கம்பெனியே பேசி மாற்றிக்கொள்ளும் முறை 2024 செப்டம்பரில் வந்தது. டிவி அதில் சேராது, பழைய கம்பெனிக்கு நீங்களே தனியாகச் சொல்லி நிறுத்த வேண்டும். பெட்டியும் ரிமோட்டும் இப்போதெல்லாம் பெரும்பாலும் கம்பெனியின் சொத்து, திருப்பிக் கொடுக்காவிட்டால் பணம் பிடிப்பார்கள். அவர்கள் அனுப்பும் உறையில் போட்டுத் தபால் நிலையத்தில் கொடுத்து, ரசீதைப் போனில் படம் எடுத்து, கடைசி பில் வந்து கணக்கு முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.