வாரச் சந்தைக்கு விளக்கும் கட்டணப் பலகையும்: கிராம சபையில் தீர்மானமாக்கும் முறை

பல ஊர்களில் வாரச் சந்தை நன்றாகவே கூடும். இருட்டியதும் வெளிச்சம் இருக்காது, சுங்கம் வசூலிப்பவர் கூடைக்கு எவ்வளவு கேட்கிறாரோ அதுதான் கட்டணம். ரெண்டு கட்டு கீரை வைத்து விற்கும் பாட்டிக்கும் அதே தொகை, மினி லாரியில் வெங்காயம் இறக்குபவருக்கும் அதே தொகை. கிராம சபையில் கேட்டால் இதை மாற்றலாம். ஆனால் எழுந்து பேசிவிட்டு வந்தால் மட்டும் போதாது. கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகத்தில் ஏறாத பேச்சுக்கு மதிப்பில்லை.

முதலில் சந்தை யாருடையது என்று பாருங்கள். ஊராட்சிச் சந்தை, ஊராட்சி ஒன்றியச் சந்தை, தனியார் சந்தை என மூன்றும் உண்டு. கோயில் நிலத்தில் கூடுவதும் உண்டு. சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, அரசின் இணையச் சேவையில், நிலம் யார் பெயரில் என்று காட்டும் ‘அ’ பதிவேட்டு விவரத்தை எடுத்துவிடலாம். சுங்கம் வசூலிக்கும் குத்தகைக்கு ஏலம் நடத்துவது ஒன்றியமா ஊராட்சியா என்பதை ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். ஒன்றியச் சந்தை என்றால் ஊராட்சித் தலைவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஒன்றியத்துக்குப் பரிந்துரைக்கும் தீர்மானமாகவே எழுத வேண்டும்.

அடுத்தது நாள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். சந்தைக் குத்தகை பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரைதான். ஏலம் முடிந்த பிறகு நிபந்தனை சேர்த்தால் குத்தகைதாரர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே கட்டணப் பலகைக் கோரிக்கையை ஜனவரி 26 கூட்டத்திலேயே வையுங்கள். விளக்கு, கழிப்பறை போன்ற பணச் செலவுள்ளவற்றுக்கு அக்டோபர் 2 ஏற்றது. அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அந்தச் சமயத்தில்தான் பேசப்படும்.

எந்த நிதியிலிருந்து என்பதிலும் கவனம் வேண்டும். 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதி ஆணைய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டப்பட்டிருந்தது. சந்தைக் கழிப்பறை அதற்குள் அடங்கும், விளக்கு அடங்காது. இரண்டையும் ஒரே வரியில் கேட்டால் ‘நிதி இல்லை’ என்று ஒரே பதிலில் இரண்டும் போய்விடும். தனித்தனித் தீர்மானமாகக் கேளுங்கள்.

பெரும்பாலான கோரிக்கைகள் கோட்டை விடுவது வாசகத்தில்தான். ‘சந்தையில் அடிப்படை வசதி செய்து தர வேண்டும்’ என்று எழுதினால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று முடித்துவிடுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘சர்வே எண் (எண்ணை எழுதவும்) சந்தைத் திடலில், காய்கறி வரிசையில் நான்கு எல்இடி விளக்குகள் அமைக்கவும், கூடை, தரைக்கடை, வண்டி ஆகியவற்றுக்கான கட்டணத்தைக் காட்டும் 4 அடிக்கு 3 அடிப் பலகையை நுழைவாயிலில் குத்தகைதாரர் வைப்பதை வரும் ஏலத்தின் நிபந்தனையாகச் சேர்க்கவும் இச்சபை தீர்மானிக்கிறது.’ மேலே சொன்னபடி இதையும் விளக்குக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி எடுங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே செயலரிடம் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியுடன் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டப் பொருளில் சேர்ப்பதற்கு இது உதவும். தலைவரின் பதவிக்காலம் முடிந்த ஊராட்சி என்றால் தனி அலுவலர் பெயருக்கு மனு போக வேண்டும்.

ஆள் சேர்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபை உறுப்பினர். வெளியூரிலிருந்து வந்து கடை போடுபவர்களால் கூட்டம் நிறைந்தாலும் கணக்கில் வராது. உள்ளூர் வியாபாரிகள், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகியோரைக் கூப்பிடுங்கள். கொடியேற்றம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவோர் அதிகம். உங்கள் பொருள் வருவதற்குள் பந்தல் காலியாகிவிடும். ஆகவே வரவு செலவுக் கணக்கு வாசித்த கையோடு உங்கள் பொருளை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கணக்கையும் காது கொடுத்துக் கேளுங்கள்: சந்தைக் குத்தகை வருமானம் எவ்வளவு என்று அதில் வரும். வாதத்துக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

தீர்மானம் ஏற்கப்பட்டதும் கலைந்து போகாமல், எழுதியதை அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள். ‘நான்கு விளக்குகள்’ என்பது ‘விளக்குகள்’ ஆகியிருந்தால் அப்போதே திருத்தலாம். பிறகு எழுதித் தருகிறோம் என்று வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். மினிட் புத்தகத்தின் பக்கத்தையும் தீர்மான எண்ணையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். எடுக்க விடாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

நகல் கையில் வந்ததும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) ஒரு பிரதி அனுப்புங்கள். ஏல அறிவிப்பு வரும்போது நிபந்தனைகளில் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏலத்துக்கு முன்பே, தீர்மான நகலை இணைத்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.