பினாங்குக் கல்யாணத்துக்கு வரும் வெளியூர் உறவினருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது எப்படி?

பத்திரிகையில் கோயிலும் முகூர்த்த நேரமும் போட்டாயிற்று. ஆனால் ஜொகூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வருகிறவர்கள் கேட்கப்போவது வேறு. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, மிச்ச நேரத்தில் எங்கே போவது? ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கல்யாண வேலை நடக்காது. வாட்சப்பில் அனுப்ப ஒரு பக்கக் குறிப்பு எழுதிவிடுங்கள்.

படி 1: தீவா, பெருநிலமா?

வெளியூர்க்காரர்களுக்குப் பினாங்கு என்றால் தீவு மட்டும்தான். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் எல்லாமும் பினாங்குதான், கடலுக்கு அந்தப் பக்கம். மண்டபம் பிறையில் இருக்க, அத்தை தீவின் கடற்கரைப் பகுதியான பத்து பெரிங்கியில் ரூம் போட்டுவிட்டால், விடிகாலையில் பட்டுப்புடவையோடு வளைந்து வளைந்து போகும் கடற்கரைச் சாலையையும் தாண்டி, பாலத்தையும் தாண்டி வரவேண்டும். அதனால் முதல் வரியே இப்படி இருக்கட்டும்:

“கல்யாணம் பிறையில், பெருநிலத்தில். தீவில் ரூம் எடுக்க வேண்டாம். வேஸ் (வழிகாட்டும் மேப்) லிங்க் கீழே.”

தீவில் கல்யாணமென்றால் இதையே திருப்பி எழுதுங்கள்.

படி 2: வரும் வழி

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து இடிஎஸ் ரயில் சுமார் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்துவிடும். ஸ்டேஷனை ஒட்டியே பெரிப் படகுத்துறை. இறங்கி நடந்தால் போதும், தீவுக்குப் போகலாம். காரில் வருகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: பெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, 2021லிருந்தே. பழைய நினைப்பில் நேரே பெரித்துறைக்குப் போகிற சித்தப்பா ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார். கார் பாலத்தில்தான் வரவேண்டும். டோல் தீவுக்குள் வரும்போது மட்டும்; டோல் கட்டும் டச் என் கோ அட்டையில் காசு இருக்கட்டும்.

தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்குத் தனியாக இரண்டு வரி: மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இதைச் சொல்லாவிட்டால் கவுண்டரில் வாக்குவாதம் நடக்கும், பஞ்சாயத்து உங்களிடம் வரும்.

படி 3: தங்குமிடம்

தீவுக் கல்யாணத்துக்கு வரும் இளசுகளுக்கு ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா, லெபு சூலியா தெருப் பக்கம் சரி. பழைய கடைவீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், பார்க்க அழகு. ஆனால் பலவற்றில் லிப்ட் கிடையாது, கார் நிறுத்த இடமும் கிடையாது. முட்டிவலிக்கார பெரியம்மாவை அங்கே தங்க வைக்காதீர்கள். பெரியவர்களுக்குக் கர்னி டிரைவ் பக்கத்து உயர்மாடி ஹோட்டல்தான் நல்லது. பத்து பெரிங்கி, கல்யாணம் முடிந்து இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு. பத்து ரூமுக்கு மேல் தேவைப்பட்டால் ஹோட்டலுக்கே போன் செய்து குழு விலை கேளுங்கள். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை என்றால் ரூம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 4: சாப்பாடு

கல்யாண வீட்டில் எந்த வேளை சாப்பாடு உண்டு, எது இல்லை என்பதை முதலில் எழுதுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். முதல் நாள் ராத்திரியும் கல்யாணத்துக்கு மறுநாள் காலைப் பசியாறலும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். சைவம், வாழை இலைச் சாப்பாடு, தோசைக்கு லிட்டில் இந்தியா போதும்.

பினாங்கின் பேர்போன சோறு-கறிச் சாப்பாடான நாசி கண்டார் சாப்பிடாமல் யாரும் ஊர் திரும்பமாட்டார்கள். 1907இல் தொடங்கிய ஹமீதியா கடை இன்னும் கேம்பெல் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்: தட்டில் சோறு போட்டதும் கறியை விரலால் காட்டினால் போதும். “பஞ்சிர்” என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். ருசியே அதில்தான். ஆனால் அந்தக் கலவையில் மாட்டுக் குழம்பும் சேர்ந்துவிடக்கூடும். மாடு சாப்பிடாதவர்கள் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கடைக்காரர்களில் பலர் தமிழ் முஸ்லிம்கள்தான், தமிழிலேயே கேட்கலாம்.

படி 5: சுற்றிப் பார்க்க

காலையில் கோயில், ராத்திரி மண்டபத்தில் டின்னர் என்றால் நடுவில் நாலைந்து மணி நேரம் சும்மா இருக்கும். அதில் கொடிமலையை (பினாங்கு ஹில்) நுழைக்காதீர்கள். சனி ஞாயிறில் மலை ரயிலுக்கு வரிசை நீளம், மாப்பிள்ளை மேடையேறும்போது மாமா மலைமேல் இருப்பார். கோயில்களும் மத்தியானம் நடை சாத்தியிருக்கும். லெபு கெங் குவீ தெருவில் ஒரு செண்டோல் (தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பு), கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை வெளியிலிருந்து ஒரு பார்வை, அப்புறம் ரூமுக்குப் போய்த் தூக்கம். அவ்வளவு போதும்.

மறுநாளுக்குத்தான் பெரிய திட்டம். விடியற்காலையில் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில். 513 படி, வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். வழியிலேயே நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலும் இருக்கிறது. பிறகு ஆயர் ஈத்தாம் போனால் கொடிமலையையும் கெக் லோக் சி புத்தர் கோயிலையும் ஒன்றாகப் பார்த்துவிடலாம், இரண்டும் பக்கம் பக்கம்.

படி 6: யாருக்குப் போன் செய்வது?

குறிப்பின் கடைசியில் ஒரு நம்பர் போடுங்கள். பெண் வீட்டு அப்பா அம்மா நம்பர் வேண்டாம், அன்றைக்கு அவர்கள் போனை எடுக்கவே மாட்டார்கள். கார் ஓட்டத் தெரிந்த, மேடையில் வேலையில்லாத ஒரு தம்பி நம்பர் போதும். போடுவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.