ஜீப்புக்கு லோ கியர் மாற்ற முதல் ஒரு கணக்கு

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் போய் லோ கியர் செட் (வண்டியை மெதுவாக, ஆனால் கூடிய இழுவையோடு ஓட்டும் பற்சக்கரங்கள்) தேடுவதற்கு முன்னால் மூன்று எண்களைப் பெருக்கிப் பாருங்கள்: முதல் கியர் விகிதம், டிரான்ஸ்பர் கேஸின் (முன், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) லோ விகிதம், டிஃபரன்ஷல் (ஆக்சிலில் உள்ள பற்சக்கரப் பெட்டி) விகிதம். சுசுகி எஸ்ஜே413 என்றால் 3.652, 2.268, 3.727, பெருக்கினால் கிட்டத்தட்ட 31. எஞ்சின் 31 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். 2.268க்குப் பதில் 4.16 லோ விகிதமுள்ள செட் போட்டால் இதுவே 56ஐத் தாண்டும், அதாவது ஐட்லில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) மணிக்கு 3 கிலோமீட்டர் சொச்சத்தில் ஊர்ந்த வண்டி 2க்கும் குறைவாக ஊரும்.

மழைக்குப் பிறகு நக்கிள்ஸ் மலையிலுள்ள மீமுரே பக்கம் இறங்கும்போதுதான் இதன் அருமை தெரியும். பிரேக்கை மிதித்தால் சக்கரம் இறுகி வழுக்குகிற களிமண்ணில், கால் இரண்டையும் எடுத்துவிட்டு இருந்தாலே எஞ்சின் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிளட்ச் கருகும் வாசனையும் வராது.

ஆனால் கற்பிட்டி மணல்தான் உங்கள் இடம் என்றால் அவசரப்படாதீர்கள், மணலுக்குச் சக்கர வேகம் வேண்டும்.

26 அங்குல டயரைக் கழற்றி 31 போட்டவர்கள் ஏற்கனவே ஆறில் ஒரு பங்கு இழுவையை இழந்துவிட்டார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். சில செட் ஹை விகிதத்தையும் (சாதாரண வீதியில் ஓடும் விகிதம்) மாற்றும்; சிறிய டயரோடு கொழும்பு–காலி வீதியில் ஓடினால் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்புறம், கூடுகிற முறுக்குவிசை ஆக்சில் ஷாஃப்டிலும் டிரான்ஸ்பர் கேஸைத் தாங்கும் மவுண்டிலும்தான் போய் விழும், ஆகவே பழைய மவுண்ட் ரப்பரையும் அதோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள்.