வீதி வேலை நடக்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுவது எப்படி? புதிதாக லைசன் எடுத்தவர்களுக்கு

மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை போகும் ஏ-4 வீதியிலும் சரி, செங்கலடியில் பிரிந்து பதுளைக்குப் போகும் ஏ-5 வீதியிலும் சரி, மதகு வேலை, வடிகான் வேலை, குழாய் புதைக்க வெட்டிய குழி என்று ஏதாவது ஒன்று என்றைக்காவது உங்கள் பாதையில் குறுக்கிடும். லைசன் எடுக்கப் பழகும்போது கிரவலில் ஓடுவதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: தூரத்திலேயே கண்டுபிடியுங்கள்

பெரிய வீதி என்றால் ஆள் மண் வெட்டும் படம் போட்ட மஞ்சள் பலகை இருக்கும். உள் வீதிகளில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஒரு தார்ப் பீப்பா, நட்டு வைத்த மரக்கொப்பு, கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி, சில இடங்களில் அதுகூட இல்லை. ஆனால் வீதியே சொல்லும்: தாரில் டிப்பர் டயர் இழுத்து வந்த செம்மண் தடம், முன்னால் எழும்பும் புழுதி, காரணமில்லாமல் வேகம் குறையும் வாகனங்கள்.

படி 2: பிறேக்கைத் தாரிலேயே பிடித்து முடியுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடிவிடுவீர்கள். கண் பார்த்துக் கை பிறேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். அதோடு, வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். இது நல்ல தாரில் உள்ள கணக்கு. கிரவலில் டயருக்குப் பிடிமானம் குறைவு. கல் டயரோடு சேர்ந்து உருளும்.

ஆகவே பலகையையோ புழுதியையோ கண்டவுடன் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். பிறேக் லயிட் இரண்டு மூன்று தரம் எரியும்படி மெதுவாகத் தொட்டுத் தொட்டு வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வரும் பஸ்காரருக்கு அதுதான் அறிவிப்பு. தார் முடியும் இடத்துக்கு வரும்போது இரண்டாம் கியரில், ஆள் ஓடும் வேகத்துக்கு வந்திருக்க வேண்டும். பின்னால் ஹோன் அடிப்பவருக்காக வேகத்தைக் கூட்ட வேண்டாம். இடம் கிடைக்கும்போது அவரே முந்திப் போகட்டும்.

படி 3: கிரவலுக்குள்

முன் பிறேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன் சில்லு இறுகினால் ஹாண்டில் உங்கள் கையில் இருக்காது. பின் பிறேக்கை மெதுவாகப் பாவியுங்கள். மீதியைக் கியர் பார்த்துக்கொள்ளும். அக்சிலேட்டரை ஒரே அளவில் வையுங்கள். ஹாண்டிலை முறுக்கிப் பிடிக்காமல் கையைத் தளர்வாக விட்டு, சில்லுக்கு முன்னால் உள்ள கல்லை அல்ல, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். முன்னே போன வாகனம் அழுத்திய தடத்தில் போவது நல்லது.

பழைய தாருக்கும் சுரண்டிய பகுதிக்கும் நடுவே நீளமாக ஒரு விளிம்பு இருக்கும். அதோடு ஒட்டி ஓடி மெல்ல ஏற முயன்றால் டயர் வழுக்கி விழுத்திவிடும். கொஞ்சம் விலகி வந்து, இயன்றவரை குறுக்காக ஏறுங்கள்.

பின்னால் சேலையோடு ஒருபக்கமாக அம்மா இருக்கிறாரா? உள்ளே போக முன்பே நிறுத்தி, முந்தானையைச் செருகச் சொல்லி, நன்றாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 4: கொடி பிடிப்பவர் சொன்னால் நில்லுங்கள்

ஒற்றைப் பாதை திறந்திருக்கும் இடத்தில் சிவப்புக் கொடி என்றால், எதிர்ப்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் நிற்க வேண்டும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வரிசையை நெரித்துக்கொண்டு முன்னால் போய் எதிர்ப்பாதையில் நிற்பது நம் ஊரில் தினமும் நடக்கிறது. பிறகு அந்தப் பக்கத்து டிப்பர் வெளியே வர வழியில்லை. எல்லோரும் வெயிலில் நிற்க வேண்டியதுதான். அந்தக் கொடிக்காரர் காலையிலிருந்து அதே வெயிலில் நிற்கிறார். அவரைத் திட்டாதீர்கள்.

படி 5: மெசின்கள்

றோலர் முன்னுக்குப் போகிற அளவுக்குப் பின்னுக்கும் வரும். பெக்கோவின் கை திடீரென்று வீதிப் பக்கம் திரும்பும். டிப்பருக்குப் பின்னால் ஒட்டி நின்றால் சாரதிக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். சாரதியின் முகம் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அவருக்கும் உங்களைத் தெரியாது. வேலையாட்கள் பலர் வீதிக்கு முதுகு காட்டித்தான் வேலை செய்வார்கள். மெசின் சத்தத்தில் உங்கள் ஹோன் அவர்களுக்குக் கேட்காது. விலத்திப் போக வேண்டியவர் நீங்கள்தான்.

படி 6: மழையும் இரவும்

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழையில் குழியும் வெள்ளமும் ஒன்றாகத் தெரியும். தண்ணீருக்கு அடியில் மதகுக்கு வெட்டிய கிடங்கு இருக்கலாம். இன்னொரு வாகனம் கடப்பதைப் பார்க்கும்வரை இறங்காதீர்கள். புதிதாகத் தெளித்த தார் நனைந்தால் மிகவும் வழுக்கும். முடிந்தால் வேறு பாதையால் போங்கள். இரவில் கொடிக்காரர் இருக்கமாட்டார், மாடுகள் வீதியில் படுத்திருக்கும். புழுதிக்குள் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், டிம்மில் போங்கள்.

வேலை முடியும் இடத்தில் டயரில் இன்னும் சேறு இருக்கும். தாரில் ஏறியவுடன் பறக்காமல், மெதுவாக ஒருமுறை பிறேக்கைத் தொட்டுப் பாருங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள், இலவசம். பொலிஸுக்கு 119. ஊர்ப் பெயரோடு, அருகில் உள்ள கோயில், பள்ளிவாசல் அல்லது பாடசாலையின் பெயரையும் சொல்லுங்கள். வீதி மூடியிருந்தால் எந்தப் பக்கத்தால் வர முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.