எழுதும் மேசைக்கு எந்தப் பக்கம் சன்னல்?

பகலில் எழுத உட்காருகிறவர்கள் மேசையைச் சன்னலுக்கு எதிரே போடாமல், சன்னல் இடது தோள் பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள். மாலை வரை டியூப்லைட் வேண்டியிருக்காது.

வெளிச்சம் இடமிருந்து வந்தால் பேனா பிடித்த கையின் நிழல் எழுதும் வரியின் மேல் விழாமல் வலப்பக்கம் ஒதுங்கிவிடும். சன்னல் எதிரே இருந்தால் வெளி வெயிலுக்குக் கண் கூசி, தாள் மங்கலாகத் தெரியும். முதுகுக்குப் பின்னால் இருந்தாலோ லேப்டாப் திரையில் சன்னல்தான் தெரியும்.

வடக்குச் சன்னல் கிடைத்தால் விடாதீர்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: தருமபுரியும் கிருஷ்ணகிரியும் வட அட்சரேகை 12 டிகிரி சொச்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை சூரியன் வடக்கே சாய்ந்து போகும். மாம்பழ சீசனில் காலையும் மாலையும் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினால் வெயில் நிற்கும், வெளிச்சம் வரும். மேற்குச் சன்னலை மதியம் 2 மணிக்கு மேல் நம்ப வேண்டாம்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அப்படியே மாற்றிப் போடவும். பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்கும் சன்னலுக்கு இது உதவாது.